மேபலின் கடைசி ஈற்று

பாம்பு குட்டி போடும் என்று சொன்னால், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் இன்னும் ஒருத்தரும் நம்புவதில்லை. "முட்டைதானே போடும்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. போவா பாம்பு, அதாவது விஷமில்லாத மலைப்பாம்பு மாதிரி ஒரு ஜாதி, குட்டிதான் போடும். வயிற்றுக்குள்ளேயே வளர்த்து, மெல்லிய சவ்வுப் பையோடு வெளியே தள்ளும். குட்டி அந்தப் பையை மூக்கால் கிழித்துக்கொண்டு நாக்கை நீட்டும். அவ்வளவுதான் விஷயம். இப்போதெல்லாம் யாராவது கேட்டால், "ஆமாம்மா, முட்டைதான், தினம் ஆம்லெட் போட்டுத் தின்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுகிறேன்.

என் பெயர் நடீன் ஹாட்சர். ஓக்மல்கி ஊருக்கு வெளியே, ரயில் பாதை தாண்டி, தகரக் கூரை போட்ட வீடு. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் அதற்கு முன்பே தாண்டிவிட்டன. வீட்டில் என்னோடு இருந்தது மேபல் ஒருத்திதான். டல்சாவில் நடந்த ஊர்வனக் கண்காட்சியில், பென்சில் கனத்துக்கு இருந்தவளை மதியச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தேன். வளர்ந்தபின் கட்டிலின் நீளத்தை மிஞ்சினாள். உடம்பு முழுக்கச் செங்கல் பழுப்பு, வால் மட்டும் நல்ல காய்ந்த மிளகாய்ச் சிவப்பு. என் புருஷன் ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டு, "அந்தப் பாம்பா, நானா, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றான். சொன்னேன். அவன் பெட்டியைத் தூக்க நானே உதவி செய்தேன்.

மேபல் பல ஈற்று கண்டவள். ஒவ்வொரு தடவையும், இந்த முறை ஒரு பெண் குட்டியை நமக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு தடவையும் கூரை ஒழுகும், அல்லது காரின் கியர்பாக்ஸ் போகும், அல்லது பல் டாக்டர் என் வாயைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். வாங்க வருகிறவர்கள் நல்ல குட்டியாகப் பார்த்துத்தான் கேட்பார்கள். கடைசியில் ஒன்றுகூட மிஞ்சாது. இப்போது அவளுக்கும் வயதாகிவிட்டது. பெண்பாம்பு இந்த வயதில் குட்டி போடுவதே அதிகம். இதுதான் கடைசி, இதில் ஒரு மகள் எனக்கு வேண்டும், யார் வந்து கேட்டாலும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். எனக்கு அழகெல்லாம் தேவையில்லை. அந்த வால் இருந்தால் போதும்.

ஆண்பாம்புக்காக ராய்ஸ் டாக்கெட்டிடம் போனேன். ராய்ஸ் ரிட்டயர்ட் எலக்ட்ரீஷியன், பக்கத்து மாவட்டத்துக்காரன், நாக்கு கொஞ்சம் நீளம். அவனுடைய ஆண்பாம்பு டீக்கன், முதுகில் திட்டுக்குப் பதிலாக ஒரே கோடாக ஓடும் ஜாதி. பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு அந்தக் கோடு வரும். ஆனால் ராய்ஸுக்கு அதிர்ஷ்டம் கிடையாது. டீக்கனை எங்கெங்கோ இரவல் கொடுத்துப் பார்த்துவிட்டான். கோடு போட்டதெல்லாம் ஆணாகவே பிறந்தது. கோடு உள்ள ஒரு பெண் குட்டி கிடைத்தால் டீக்கனின் வம்சம் நிலைக்கும் என்று வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தான்.

பாம்பு வளர்க்கிறவர்களுக்குள் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்பாம்பை இரவல் கொடுத்தவன் குட்டிகளில் முதலில் ஒன்றை எடுப்பான். பெண்பாம்புக்காரி அடுத்ததை எடுப்பாள். பிறகு அவன், பிறகு அவள், தீரும்வரை மாறி மாறி. எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது, கை குலுக்கினால் முடிந்தது. மீறினவனுக்கு அப்புறம் இந்த மாநிலத்தில் யாரும் ஒரு எலியைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

"ஃபர்ஸ்ட் நான் எடுப்பேன்," என்றான் ராய்ஸ், என் கையைப் பிடித்துக்கொண்டு. "அப்புறம் கூமுட்டை கணக்குல வராது. உயிரோட இருக்கறதுதான் குட்டி."

"கூமுட்டைய எவன்யா கேட்டான்?"

"எல்லாத்தையும் முன்னாடியே பேசிக்கறது நல்லது மகராணி. நாளைக்கு நீ என்மேல பாயக் கூடாது பாரு."

கரு கூடாத முட்டை மஞ்சள் மெழுகுக் கட்டி மாதிரி குட்டிகளோடு சேர்ந்து வெளியே வரும். அதைத்தான் சொன்னான். சரி என்று கையை உதறிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் மாதம், வடக்கிலிருந்து குளிர்காற்றும் மழையும் வந்து ஒரு வாரமாக ஊரை அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் மேபலுக்கு நேரம் வந்தது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள், வாலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். ராய்ஸுக்குப் போன் செய்தேன். காப்பி ஆறுவதற்குள் வந்துவிட்டான், மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

எனக்கு வேலைக்குப் போகாமல் தீராது. முதல்நாள்தான் சலவை அறையில் ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். படுக்கை விரிப்பெல்லாம் மலைபோல் கிடந்தது. கோட்டை மாட்டிக்கொண்டே ராய்ஸிடம் சொன்னேன்.

"இங்க பாரு. உக்காரு, பாரு, வேணும்னா ஜெபம் பண்ணு. ஆனா மூடியத் தொடாதே. எல்லாத்தையும் போட்டு முடிக்கிற வரைக்கும் அவளக் கலைக்கக் கூடாது."

"நான் என்ன நேத்துப் பொறந்தவனா? எனக்கே பாடம் எடுக்கறியா?"

"உனக்கு எடுக்கல. உன் கைக்கு எடுக்கறேன்."

குட்டி போடும் போவாவை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. நடுவில் கலைத்தால் அவள் உடம்பை இறுக்கிக்கொள்வாள். வெளியே வர வேண்டியது உள்ளேயே நின்றுவிடும். தெரிந்தும் எல்லோருக்கும் கை அரிக்கும். என்ன நிறம், என்ன கோடு, எத்தனை என்று பார்க்காமல் இருக்க முடியாது. சர்க்கரை வியாதிக்காரன் கேக் கடையில் உட்கார்ந்திருப்பது மாதிரிதான் அது.

நான் திரும்பி வந்தபோது மாலையாகவில்லை. கால் இரண்டும் விண்விண் என்று தெறித்தன. ராய்ஸ் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூண்டின் ஓரத்தில் காகிதத்தின்மேல் இரண்டு கூமுட்டையும் பையோடு செத்த ஒரு குட்டியும் கிடந்தன. மேபல் மறுமூலையில் சுருண்டிருந்தாள். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே கோழிமுட்டை அளவு ஒரு புடைப்பு.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கா?"

"கொஞ்ச நேரமா. ஓய்வு எடுக்கறா. எடுக்கட்டும் விடு."

"செத்தது வந்தப்புறம் ஒண்ணும் வரலையா?"

"வரும் நடீன். நீ போய்ச் சாப்பிடு. கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு."

அடுப்பில் நேற்றைய பீன்ஸும் சோள ரொட்டியும் இருந்தன. நின்றுகொண்டே இரண்டு வாய் தின்றேன். பிறகு டாக்டர் ஹார்ஜோவுக்குப் போன் செய்தேன். அவள் மாட்டு டாக்டர்தான், ஆனால் சுற்றுவட்டாரத்தில் பாம்பைக் கையால் தொடுகிற ஒரே டாக்டர் அவள்தான். "வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் விடுங்க மிஸ் நடீன். வயித்த மட்டும் அமுக்கிடாதீங்க. காலையில வரைக்கும் அசைவு இல்லேன்னா எடுத்துட்டு வாங்க" என்றாள். தொட்டியில் தண்ணீர் வைத்து விட்டேன். மேபல் அதில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பொழுது விடிந்தபோது அந்தப் புடைப்பு அங்கேயே இருந்தது. அவள் தலையைத் தூக்குவதும் குறைந்திருந்தது. சலவை அறைக்குப் போன் செய்து வர முடியாது என்றேன். "என்ன உடம்புக்கு?" என்று கேட்டார்கள். "பிரசவம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ராய்ஸின் வண்டியில் போனோம். என் கார் மழையில் கிளம்பவில்லை, அதற்கும் என்னைப்போல வயதாகிவிட்டது. மேபலைத் தலையணை உறைக்குள் விட்டு, போர்வை சுற்றி, மடியில் வைத்துக்கொண்டேன். பாம்புக்குக் குளிர் ஆகாது. அதுவும் இந்த நிலையில் கொஞ்சம் குளிர்ந்தாலும் இருக்கிற தெம்பும் போய்விடும். ராய்ஸின் வண்டியில் ஹீட்டர் குமிழ் உடைந்திருந்தது. போட்டால் அடுப்பு, அணைத்தால் பனி, நடுவில் எதுவும் கிடையாது. போட்டான். ஹென்றியெட்டா திருப்பம் வருவதற்குள் எனக்கு முதுகெல்லாம் வழிந்தது. ராய்ஸ் சிவப்பு லைட்டில் நிறுத்தி, கோட்டைக் கழற்றினான், பிறகு சட்டையையும் கழற்றினான். பனியனோடு ஓட்டினான். எதிரே பள்ளிப் பேருந்தில் இருந்த பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள்.

"ஜன்னலக் கொஞ்சம் இறக்கட்டுமா?" என்றான்.

"இறக்கினே, உன்னைய இறக்கிடுவேன்."

முன்கண்ணாடியில் துடைப்பான் கிறீச் கிறீச் என்று அடித்துக்கொண்டது. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நடீன். ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நான் மூடியத் திறந்தேன்."

எனக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. "என்ன?"

"அந்தக் குட்டி பாதி வெளிய வந்துச்சு. கண்ணாடி வழியாப் பாத்தேன், முதுகுல கோடு. சத்தியமா கோடு. ஆனா அது அசையல. பையக் கிழிச்சு விட்டா மூச்சு விடுமோன்னு..." கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தான். "இல்ல. பொய் சொல்ல மாட்டேன். கோட்டப் பாக்கத்தான் திறந்தேன். பொண்ணா பையனான்னு பாக்கணும்னு கை நீட்டிட்டேன். அவ சீறினா. அப்படியே மூலைக்கு இழுத்துட்டுப் போனா. அந்தக் குட்டி விழுந்துச்சு, செத்துதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல."

கெட்ட வார்த்தைகள் எனக்கு நிறையத் தெரியும். முதியோர் இல்லத்தில் கிழவர்களிடம் கற்றது பாதி. அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது. மடியில் போர்வைக்குள் அவள் மெல்ல ஒரு தடவை அசைந்தாள். நான் கத்தினால் அவளுக்கும் அதிரும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஏன்யா," என்றேன். "ஒண்ணே ஒண்ணுதான்யா சொன்னேன்."

"தெரியும்."

"நேத்து ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"என்னையப் பாத்தா?"

"உன்னையப் பாத்து யாருக்குத்தான் பயம் இல்ல? அவளப் பாத்து."

அதற்குமேல் எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அறுபது வயதில் கோபம் வந்தால் நெஞ்சு படபடக்கும், கால் வலிக்கும், பிறகு அதற்கும் நாமேதான் மாத்திரை போட வேண்டும். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் அவள்மேல் இருந்தது.

டாக்டர் ஹார்ஜோவின் இடத்தில் ஒருவர் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் இருப்பது என்ன என்று கேட்டார். சொன்னேன். ஆட்டை இழுத்துக்கொண்டு எதிர் மூலைக்குப் போய்விட்டார்.

உள்ளே மேபலை மேசையில் நீட்டி வைத்து, ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியை அவள் வயிற்றில் மெதுவாக ஓட்டினாள் டாக்டர். சின்னப் பெண்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு. காலையில்தான் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்தாளாம், பூட்ஸில் இன்னும் சேறு இருந்தது. திரையைக் காட்டினாள்.

"வாசல்ல பெரிய கூமுட்டை ஒண்ணு குறுக்க நிக்குது. அதுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு மூணு. இங்க பாருங்க, இது குட்டிங்க. இதுல துடிப்பு இல்ல. இதுலயும் இல்ல." கருவியை இன்னும் மேலே நகர்த்தினாள். நிறுத்தினாள். "இதுல இருக்கு."

திரையில் ஓர் அரிசி அளவுக்கு எதுவோ படபடவென்று அடித்துக்கொண்டது. ராய்ஸ் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. தள்ளிப் போ என்று முழங்கையால் இடித்தேன்.

"ஊசி போட்டுத் தள்ள வைக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"வாசல் அடைச்சிருக்கறப்ப ஊசி போட்டா உள்ள கிழிஞ்சிடும். திறந்துதான் எடுக்கணும். ஆனா மிஸ் நடீன், மறைக்காமச் சொல்றேன். வயசாயிடுச்சு. களைச்சும் போயிட்டா. மயக்கம் தாங்குவாளான்னு எனக்குத் தெரியல."

"திறக்கலேன்னா?"

"திறக்கலேன்னா தாங்க மாட்டா. அது மட்டும் தெரியும்."

நான் மேபலின் தலையைத் தொட்டேன். நாக்கை நீட்டினாள், என் கட்டைவிரலை முகர்ந்தாள், உள்ளே இழுத்துக்கொண்டாள். தினமும் செய்கிற வேலைதான். செய் என்று டாக்டரிடம் சொன்னேன்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். இரண்டு நாற்காலி இடைவெளி விட்டு. சுவரில் ஆட்டுப் பேன் மருந்து விளம்பரம் இருந்தது. அதை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. ராய்ஸ் எழுந்து போய் மெஷினிலிருந்து கடலை வெண்ணெய் பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்துவந்து என் பக்கத்து நாற்காலியில் வைத்தான்.

"சாப்பிடு."

"நீயே தின்னு."

"காலையில காப்பிகூடக் குடிக்கல நீ."

"ராய்ஸ், நீ எங்கிட்டப் பேசாதே. பேசினா நான் அழுதுடுவேன். அழுதா உன்னைய அடிச்சிடுவேன். ஆட்டுக்காரர் பாத்துட்டு இருக்காரு."

பாக்கெட் அங்கேயே கிடந்தது. ஆடு அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவன்மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். டாக்டர் வெளியே வந்தபோது அதற்கும் வழியில்லாமல் போயிற்று. முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் சொல்லும்வரை காத்திருந்தேன்.

"ஒரு குட்டி உயிரோட இருக்கு," என்றாள். "மேபல் போயிட்டா மிஸ் நடீன். தைச்சுட்டு இருக்கறப்பவே. பாம்போட இதயம் அவ்வளவு சீக்கிரம் நிக்காது, அதனால துடிப்பு திரும்பி வருதான்னு ரொம்ப நேரம் விடாமப் பாத்தேன். வரல."

"வலிச்சிருக்குமா?"

"இல்ல. நல்லாத் தூங்கிட்டு இருந்தா." பிறகு, கேட்காமலேயே சொன்னாள். "உள்ள முழுக்கக் கொழுப்பு. கல்லீரல்கூட மஞ்சளா இருந்துச்சு. எல்லாருமே இதான் செய்யறாங்க. குட்டி போடப் போறாளேன்னு நல்லா ஊட்டிடறாங்க."

ஊட்டினேன்தான். டீக்கனோடு சேர்ப்பதற்கு முன்னால் மாதக்கணக்கில், ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் இருப்பதிலேயே பெரிய எலியாகப் பார்த்து வைப்பேன். அவள் முழுங்குவதைப் பார்த்துக்கொண்டே நானும் சாப்பிடுவேன். வேறு யாரும் என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதில்லை. மூடியைத் திறந்ததாலா, எலியாலா, வயதாலா என்று டாக்டரிடம் கேட்டேன். "எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்" என்றாள். அந்தப் பதில் எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. யாரையாவது முழுசாக வெறுத்தால் கொஞ்சம் இளைப்பாறலாம் என்று பார்த்தேன், அதற்கும் வழி விடவில்லை.

உள்ளே கூப்பிட்டாள். மேபலைத் துண்டால் மூடி வைத்திருந்தாள். வால் மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் எஃகுத் தட்டில் மஞ்சள் கூமுட்டைகளும் செத்த குட்டிகளும் வரிசையாக இருந்தன. அதற்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஈரக் காகிதத்தின்மேல் அது சுருண்டிருந்தது.

முதுகில் கோடு. தலையிலிருந்து வால்வரை, ஸ்கேல் வைத்து இழுத்தது மாதிரி ஒரே கோடு. வால் காய்ந்த மிளகாய்ச் சிவப்பு.

ராய்ஸ் பெரிய மூச்சாக விட்டான். கையைக் கழுவினான், துடைத்தான், குட்டியை எடுத்தான். இத்தனை வருஷப் பழக்கம், அவன் கட்டைவிரல் வாலடியில் எப்படிப் பட்டது என்றே தெரியவில்லை, ஒரு நொடியில் ஆணா பெண்ணா என்று பார்த்துவிட்டான்.

"பொண்ணு," என்றான். "நடீன், பொண்ணு. கோடு போட்ட பொண்ணு."

எனக்குக் கெஞ்சத் தெரியாது. தெரிந்திருந்தால் புருஷனைக்கூட நிறுத்தி வைத்திருப்பேனோ என்னவோ. கை குலுக்கியது குலுக்கியதுதான். உயிரோடு இருப்பது ஒன்றே ஒன்று. முதலில் எடுப்பவன் அவன். இரண்டாவதாக எடுக்க எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போனால் கண்ணாடிக் கூண்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அதை அணைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று மனசு தானாகவே அடுத்த வேலைக்குப் போய்விட்டது. அத்தனை களைப்பு.

"ஃபர்ஸ்ட் நீதானே," என்றேன். "எடுத்துக்கோ. கிளம்பலாம்."

ராய்ஸ் குட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான். அது அவன் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டது. துண்டுக்கு வெளியே தெரிந்த வாலைப் பார்த்தான். மறுபடி குட்டியைப் பார்த்தான். பிறகு விரலிலிருந்து அதை மெதுவாகப் பிரித்து டப்பாவில் வைத்தான். எஃகுத் தட்டுக்குக் கையை நீட்டி, இருந்ததிலேயே சின்னக் கூமுட்டையாகப் பார்த்து எடுத்தான்.

"இது," என்றான்.

"எது?"

"நான் எடுத்தாச்சு. இனி உன் முறை."

"யோவ், விளையாடற நேரமாய்யா இது? அது கூமுட்டை."

"எனக்குத் தெரியாதா? எனக்கு இதான் பிடிச்சிருக்கு."

"கூமுட்டை கணக்குல வராதுன்னு நீதானே சொன்னே."

"அப்பச் சொன்னேன். இப்ப வரும்." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத் துண்டு ஒன்றைக் கிழித்து அந்த மஞ்சள் கட்டியை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். "சீக்கிரம் எடு மகராணி. டாக்டரம்மாவுக்கு வெளிய ஆடு காத்துட்டு இருக்கு."

அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு மன்னிக்கவில்லை, இன்றைக்கும் சில நாள் மன்னிப்பதில்லை. ஆனால் டப்பாவுக்குள் கையை விட்டேன். பென்சில் கனம்கூட இல்லை. எடுத்ததும் என் கட்டைவிரலைக் கடித்தாள். பொட்டு ரத்தம் வந்தது. டாக்டர் பஞ்சை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதேன். ஆட்டுக்காரர் கதவு வழியாகப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

மேபலைத் தலையணை உறையிலேயே போட்டுக் கொடுத்தார்கள். போர்வை சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். டப்பாவைக் கோட்டுக்குள், நெஞ்சோடு. மழை நிற்கவில்லை. வண்டிக்குள் எங்கள் மூச்சு புகையாகத் தெரிந்தது. ராய்ஸ் சட்டையைப் போட்டு மேல் பொத்தான்வரை மாட்டியிருந்தான். சட்டைப் பையில் அந்தக் காகிதப் பொட்டலம் புடைத்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினான். கை ஹீட்டர் குமிழ்வரை போய், என் மடியைப் பார்த்து, அங்கேயே நின்றது.

"இப்ப... வேணாமில்ல?" என்றான், மெல்ல.

"பொண்ணு இருக்கால்ல," என்றேன். "போடு."

சட்டையை மறுபடியும் கழற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டான். வீடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் குளித்த மாதிரி நனைந்திருந்தோம். ஜன்னலை யாரும் இறக்கவில்லை.